நெடும்பயணத்திற்கு எந்த மோட்டார் சைக்கிள்?



வழக்கமாக இந்த நேரத்தில் வருமான வரி, ஜி.எஸ்.டி., கிவிசேவர் என்று பேசி உங்களைக் கொட்டாவி விட வைப்பவன் நான். இன்று மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணம், நம் நேயர் ஒருவர் தொலைபேசியில் கேட்ட கேள்வி. அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். ஆக்லாந்திலிருந்து தெற்கே பிளஃப் வரை மனைவியுடன் பைக்கில் போய்வர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அவர் மனைவிக்கோ இடுப்பு வட்டில் தொந்தரவு. "முதல் நாள் ராத்திரி என்னால் இறங்கி நடக்க முடிந்தால்தான் இரண்டாம் நாள் வருவேன், இல்லையென்றால் ஹாமில்டனிலிருந்து பஸ் பிடித்துத் திரும்பிவிடுவேன்" என்று அந்த அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். "அண்ணா, நீங்களும் பைக் ஓட்டுகிறவர், கணக்கும் பார்க்கிறவர். எந்த வண்டி வாங்கலாம், சொல்லுங்கள்" என்றார்.

ஒரு வண்டியின் பெயரைச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அவருக்குப் பொருந்துவது உங்களுக்குப் பொருந்தாது. ஆகவே எப்படிப் பார்த்து வாங்குவது என்பதைச் சொல்கிறேன்.

முதலில் தூரம். ஆக்லாந்திலிருந்து வெலிங்டன் சுமார் 640 கிலோமீட்டர். கப்பலில் நீரிணையைக் கடந்து பிக்டனில் இறங்கினால் கைக்கோரா வழியாகக் கிறைஸ்ட்சர்ச், அங்கிருந்து டனீடின், இன்வர்கார்கில், பிளஃப். எல்லாம் சேர்த்து ஒரு வழிக்கு ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். போய்வர 3,200. அமெரிக்காவில் 'அயர்ன் பட்' என்று ஒரு சங்கம் இருக்கிறது. 1,000 மைலை, அதாவது 1,609 கிலோமீட்டரை, 24 மணி நேரத்திற்குள் ஓட்டினால் சான்றிதழ் தருவார்கள். பெயரிலேயே இரும்புப் பிருஷ்டம் என்று இருக்கிறது, பாருங்கள். நமக்கு அந்தச் சான்றிதழ் வேண்டாம். நாளைக்கு 300 கிலோமீட்டர், வழியில் நாலு இடத்தில் இறங்கித் தேநீர் என்று போனாலே போதும்.

இந்த நாட்டில் மோட்டார் சைக்கிள் என்றவுடன் எல்லோரும் சொல்லும் பெயர் இன்வர்கார்கில் பர்ட் மன்றோ. 1920இல் செய்த ஒரு வண்டியைத் தன் கொட்டகையில் வைத்து ஆண்டுக்கணக்காக இழைத்து, அமெரிக்காவின் பான்வில் உப்புவெளிக்குக் கொண்டுபோய் 1967இல் தம் 68ஆம் வயதில் உலக சாதனை செய்தவர். 2005இல் படமாகவும் வந்தது. அந்த வண்டியின் பெயர் 'இந்தியன்' என்பதால் நம்மவர்களில் சிலர் அது நம் நாட்டு வண்டி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்துத் தயாரிப்பு. மன்றோ அந்த வண்டியில் குப்புறப் படுத்துத்தான் ஓட்டினார். சொகுசுக்கு அவரை முன்மாதிரியாகக் கொள்ள முடியாது!

நம் ஊர் வண்டி வேறு இருக்கிறது. புல்லட். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனி 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. முதலில் அங்கிருந்து பாகங்கள் வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு எல்லாமே திருவொற்றியூரில் தயாரானது. ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. தாய் போனாலும் பிள்ளை நின்றது. இப்போது சென்னைக்குத் தெற்கே ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் செய்து உலகெங்கும் அனுப்புகிறார்கள். ஆக்லாந்துக் கடையில் அந்த வண்டியைத் தொட்டுப் பார்க்கும்போது, இது காஞ்சிபுரம் பக்கத்து ஆட்கள் கைபட்டது என்று மனதிற்குள் ஒரு சந்தோஷம் வரத்தான் செய்கிறது. அந்தச் சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எண்பதுகளில் ஊரில் புல்லட் ஓட்டியவர்களுக்குக் கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். இப்போது வரும் வண்டிகள் எல்லாவற்றிலும், புதிய புல்லட் உட்பட, கியர் இடது காலில், பிரேக் வலது காலில். நிதானமாகப் போகும்போது மனம் சரியாகச் சொல்லும். திடீரென்று ஒரு பால் லாரி குறுக்கே திரும்பும்போது கால் முப்பது வருடத்திற்கு முந்தைய வழக்கத்திற்குப் போய்விடும். பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. இளமையில் ஓட்டிவிட்டு, இடையில் குடும்பம், வீட்டுக்கடன் என்று விட்டுவிட்டு, ஐம்பதில் மறுபடி ஏறுகிறவர்களைப் பற்றி இந்த நாட்டில் பாதுகாப்புத் துறையினர் அடிக்கடி கவலைப்படுவதற்கு இதுபோன்ற காரணங்கள் உண்டு. ஏ.சி.சி. மானியம் கொடுத்து நடத்தும் 'ரைடு ஃபாரெவர்' பயிற்சி அனுபவசாலிகளுக்கும் இருக்கிறது. வண்டி வாங்குமுன் அதில் ஒரு நாள் உட்காருங்கள். "எனக்கா பயிற்சி?" என்று மீசையை முறுக்க வேண்டாம்.

கார் லைசென்ஸ் மட்டும் வைத்திருப்பவர் இங்கே பைக் ஓட்ட முடியாது. ஆறாம் வகுப்பு லைசென்ஸ் தனியாக எடுக்க வேண்டும். லேர்னர், ரெஸ்ட்ரிக்டட் நிலைகளில் 'லாம்ஸ்' பட்டியலில் உள்ள வண்டிதான் ஓட்டலாம். 2012 அக்டோபரிலிருந்து இந்த ஏற்பாடு. 660 சி.சி.க்கு மேல் போகக் கூடாது, எடைக்கேற்ற சக்தி வரம்பும் உண்டு. அந்த நிலைகளில் பின்னால் ஆள் ஏற்றவும் கூடாது. ஆகவே மனைவியுடன் போவதானால் முழு லைசென்ஸ் கைக்கு வந்த பிறகுதான்.

இனி வண்டிக்கு வருவோம்.

சொகுசு என்றால் பலர் மெத்தென்ற சீட்டைத்தான் நினைக்கிறார்கள். கடையில் ஏறி உட்கார்ந்து, "ஆகா, சோபா மாதிரி இருக்கிறதே" என்பார்கள். மெத்தென்ற பஞ்சு அரைமணி நேரம்தான். அதன்பின் அமுங்கி, அடியிலுள்ள பலகையில் நம் எலும்பு உட்கார்ந்துவிடும். சற்றுக் கெட்டியாக, அகலமாக, தட்டையாக இருக்கும் சீட்டுதான் நாலாவது மணி நேரத்திலும் தாங்கும். உட்கார்ந்த இடத்திலிருந்து கொஞ்சம் முன்னும் பின்னும் நகர இடம் இருக்க வேண்டும். ஒரே இடத்தில் பள்ளம் வைத்து நம்மை அடைத்துவிடும் சீட்டு முதலில் சுகம், பிறகு தண்டனை. சீட்டு சரியில்லை என்பதற்காக வண்டியையே ஒதுக்க வேண்டியதும் இல்லை. சீட்டைப் பிரித்து வேறு பஞ்சு வைத்துத் தைத்துத் தருபவர்கள் இருக்கிறார்கள். அதைவிட மலிவான வைத்தியம் நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. ஆட்டுத்தோல்! ரோமத்தோடு கூடிய ஆட்டுத்தோலைச் சீட்டின் மேல் கட்டிக்கொண்டு போகும் நெடுந்தூரப் பயணிகள் உலகெங்கும் உண்டு. காற்று உள்ளே ஓடும், வியர்வை தங்காது, அழுத்தம் பரவும். மழையில் நனைந்தால் காய நேரமாகும், அது ஒன்றுதான் குறை. நியூசிலாந்தில் இருந்துகொண்டு ஆட்டுத்தோலுக்கு அலைய வேண்டியதில்லையே.

சீட்டைவிட முக்கியம், உட்காரும் இடம், கால் வைக்கும் இடம், கை பிடிக்கும் இடம் ஆகிய மூன்றுக்கும் இடையிலுள்ள அளவு. பந்தய வண்டியின் சாயலில் வருபவற்றில் முன்னால் குனிய வேண்டும், உடம்பின் பாரம் மணிக்கட்டில் இறங்கும். நம் வயதுக்கு அது வேண்டாம். குரூசர் வகையில் கால் முன்னால் நீட்டியிருக்கும், சாய்வு நாற்காலி போலத் தெரியும். ராயல் என்ஃபீல்டின் சூப்பர் மீட்டியோர் 650 இந்த வகை. சீட்டு உயரம் 740 மில்லிமீட்டர்தான், இரண்டு காலும் தரையில் தாராளமாக ஊன்றும். ஆனால் கால் முன்னால் இருப்பதால் பாரம் முழுவதும் வால் எலும்பில் இறங்குகிறது. சாலையில் ஒரு பள்ளம் வந்தால் காலை ஊன்றி உடம்பைச் சற்றுத் தூக்கிக்கொள்ள முடியாது. அடி நேராக முதுகுத்தண்டுக்குப் போகும். முதுகுத் தொந்தரவு உள்ளவர்கள் சாய்வு நாற்காலி என்று நம்பி இதை வாங்குவதற்கு முன் நன்றாக ஓட்டிப் பார்க்க வேண்டும். என் கணிப்பில், நிமிர்ந்து உட்கார்ந்து, பாதம் இடுப்புக்கு ஏறக்குறைய நேர் கீழே இருக்கும் வண்டிதான் நெடுந்தூரத்திற்கு ஏற்றது. அட்வென்சர் என்ற பெயரில் வருபவை பெரும்பாலும் அப்படித்தான்.

அதில் வேறொரு சங்கடம், உயரம். யமஹா டெனரே 700இன் சீட்டு 875 மில்லிமீட்டர். ஐந்தடி ஐந்து அங்குலத்து ஆள் சிக்னலில் நின்றால் நுனிக்கால்தான் எட்டும். ஹிமாலயன் 450இல் 825. சுசுகி வி-ஸ்ட்ரோம் 650இல் 835. எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். சீட்டு முன்பக்கம் ஒடுங்கியிருந்தால் உயரமான வண்டியிலும் கால் எட்டும், அகலமாக இருந்தால் குட்டை வண்டியிலும் எட்டாது. பூட்ஸ் போட்டுக்கொண்டு, மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, சரிவான இடத்தில் நிறுத்திப் பாருங்கள். இரண்டு பாதங்களின் முன்பகுதியாவது உறுதியாகப் பதிய வேண்டும்.

எடையும் இதோடு சேர்ந்தது. ஓடும்போது 250 கிலோவும் பூப்போல இருக்கும். பெட்ரோல் நிலையத்தில் தள்ளும்போதுதான் அதன் உண்மையான எடை தெரியும். நெடும்பயணத்தின் அரசன் என்று சொல்லப்படும் ஹோண்டா கோல்டுவிங் 1975இல் சந்தைக்கு வந்தது. இன்று 1,833 சி.சி., ஆறு சிலிண்டர், வகைக்கேற்ப 370 முதல் 390 கிலோ வரை. பின்னால் நகர்த்துவதற்கென்றே பல மாடல்களில் மின்சார ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். பின்சீட்டுக்காரருக்கு அதைவிடச் சொகுசான வண்டி கிடையாது, முதுகுக்கும் கைக்கும் சாய்மானம் உண்டு. ஆனால் மெட்டல் ரோடு என்று இங்கே சொல்லும் சரளைக்கல் பாதையில் அதைத் திருப்பி நிறுத்த எனக்குத் துணிச்சல் இல்லை.

பின்சீட்டைப் பற்றிச் சொன்னேன். நம் வீட்டு ஆண்கள் கடைசியாகப் பார்ப்பதும், பல சமயம் பார்க்காமலே விடுவதும் இதைத்தான். ஓட்டுகிறவருக்குப் பிடிக்க ஹேண்டில் இருக்கிறது, வளைவு வருவது முன்னாலேயே தெரிகிறது. பின்னால் இருப்பவருக்கு இரண்டும் இல்லை. பின்சீட்டின் அகலம், பின்னால் கால் வைக்கும் கட்டையின் உயரம், பிடிக்கக் கைப்பிடி, பின்பெட்டியில் சாய முதுகுத் திண்டு, இந்த நான்கையும் அவரே உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். கால்கட்டை உயரமாக இருந்தால் முழங்கால் மடங்கி, ஒரு மணி நேரத்தில் மரத்துப்போகும். ஊரில் சேலை கட்டி ஒருபக்கமாக உட்கார்ந்து கோயிலுக்குப் போன பழக்கம் இங்கே நூறு கிலோமீட்டர் வேகத்தில் உதவாது. இருபுறமும் கால் போட்டு, பாதுகாப்பு உடையோடுதான். உடைகளுக்குக்கூட ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து 2018 முதல் 'மோட்டோகேப்' என்று நட்சத்திர மதிப்பீடு வெளியிடுகின்றன. வாங்குமுன் பாருங்கள். விலை அதிகமானது எல்லாம் நல்லதல்ல என்பது அதில் தெரியும்.

பின்னால் ஆள் ஏறியவுடன் பின் ஷாக் அப்சார்பரின் இறுக்கத்தையும் டயர் காற்றையும் கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் வண்டியின் பின்பாகம் தாழ்ந்து, முன்சக்கரம் இலேசாகி, விளக்கு வானத்தைப் பார்க்கும். ஒவ்வொரு குழியிலும் பின்சீட்டுக்காரரின் முதுகில் இடி விழும். கையால் திருகிக் கூட்டும் வசதியுள்ள வண்டியானால் நல்லது. இங்கே ஒரு சின்னக் கணக்கும் உண்டு. அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் வருவதுதான் நாம் ஏற்றலாம் என்ற அளவு. அவர் 78, அவர் மனைவி 64, உடை, பூட்ஸ், ஹெல்மெட் இருவருக்கும் சேர்த்து 15, பெட்டிகளும் சாமானும் 30. ஆக 187 கிலோ. புத்தகத்தில் இருக்கும் எண் இதற்குக் கீழே இருந்தால் அந்த வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் நமக்கில்லை.

எஞ்சின் எவ்வளவு வேண்டும்? மீட்டியோர் 350க்கு 20 குதிரைத்திறன். தனி ஆளாக, உள்சாலைகளில், ஆனந்தமாகப் போகலாம். இரண்டு பேர், சாமான், எதிர்க்காற்று என்றால் நெடுஞ்சாலையில் நூறைத் தொட மூச்சு வாங்கும். முந்தும் பாதை வந்து முடிவதற்குள் லாரியைத் தாண்ட முடியாது. 2016இல் வந்த பழைய ஹிமாலயன் 411 சி.சி.க்கு 24 சொச்சம். 2023இல் வந்த 450க்கு ஏறக்குறைய 40. இன்டர்செப்டர், சூப்பர் மீட்டியோர் போன்ற 648 சி.சி. இரட்டைச் சிலிண்டர் வண்டிகளுக்கு 47. தம்பதியாகப் போவதற்கு 40க்குக் கீழே வாங்காதீர்கள் என்பேன். பெரிய எஞ்சின் வேகத்திற்காக மட்டுமல்ல. நூறில் போகும்போது அது சாவதானமாகச் சுழலும், அதிர்வு குறையும். ஒற்றைச் சிலிண்டரின் நடுக்கம் கைப்பிடி வழியாக வந்து, மூன்று மணி நேரத்தில் விரல்கள் மரத்துவிடும். மரத்த விரலால் பிரேக் பிடிப்பது ஆபத்து.

காற்றுக்கண்ணாடி பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைக்கிறோம். எப்போதும் அல்ல. அதன் விளிம்பில் சுழன்று வரும் காற்று ஹெல்மெட்டைக் குலுக்கினால் கழுத்து வலியும் தலைவலியும் வரும். கண்ணாடிக்கு மேலாகச் சாலை தெரிய வேண்டும். மழையில் கண்ணாடி ஊடே பார்த்து ஓட்டுவது சிரமம். காதில் பஞ்சு போன்ற அடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள். களைப்பில் பாதி அந்த இரைச்சலால்தான் வருகிறது.

பெட்ரோல் டேங்க் பற்றி ஒரு வார்த்தை. ஸ்ட்ராட்ஃபோர்டிலிருந்து தௌமருனுயி வரை செல்லும் 43ஆம் நெடுஞ்சாலை சுமார் 150 கிலோமீட்டர். இடையில் பெட்ரோலை நம்பிப் போக முடியாது. தென்தீவின் மேற்குக் கரையிலும் இப்படித்தான். ஒரு டேங்க்குக்கு 300 கிலோமீட்டர் ஓடினால் கவலையில்லை. நான் வைத்திருக்கும் பழைய வி-ஸ்ட்ரோமில் 20 லிட்டர் பிடிக்கும். அழகில் அதற்குப் பரிசு கிடைக்காது, என் மனைவி அதற்கு 'எருமை' என்று பெயர் வைத்திருக்கிறாள். ஆனால் பின்சீட்டைப் பற்றி இதுவரை புகார் சொன்னதில்லை.

இனி என் சொந்தத் தொழிலுக்கு வருகிறேன். வண்டி விலையோடு செலவு முடிவதில்லை. ரெஜிஸ்ட்ரேஷனில் சேர்ந்து வரும் ஏ.சி.சி. கட்டணம் பைக்குக்குக் காரைவிட மிக அதிகம். இதை எதிர்த்து 2009 நவம்பரில் ஆயிரக்கணக்கானோர் வெலிங்டன் பாராளுமன்றத்திற்கு வண்டிகளோடு ஊர்வலம் போனார்கள். அந்தக் கட்டணத்தில் 600 சி.சி. வரை ஒரு விகிதம், அதற்கு மேல் அதிக விகிதம். இங்கேதான் கவனிக்க வேண்டும். லாம்ஸ் எல்லை 660, ஏ.சி.சி. எல்லை 600. 648 சி.சி. வண்டி லேர்னருக்கு அனுமதிக்கப்பட்ட சின்ன வண்டி, கட்டணத்திற்கு மட்டும் பெரிய வண்டி! ஹிமாலயன் 450 இதில் தப்பிக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு வரும் செலவு என்பதால் பத்து வருடத்திற்குப் பெருக்கிப் பாருங்கள். குளிர்காலத்தில் ஓட்டப் போவதில்லை என்றால் குறைந்தது மூன்று மாதத்திற்கு ரெஜிஸ்ட்ரேஷனை நிறுத்தி வைக்கலாம். காலாவதி ஆவதற்கு முன்பே சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் பால் வாங்கக்கூட வண்டியைத் தெருவில் இறக்கக் கூடாது, நிறுத்தியும் வைக்கக் கூடாது.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் அதன்மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்று பி.பி.எஸ்.ஆர். பதிவேட்டில் பாருங்கள். கட்டணம் சொற்பம். பாக்கி இருந்தால் கடன் கொடுத்தவர் வண்டியை எடுத்துப்போகலாம். கடைக்காரரிடம் வாங்கினால் நுகர்வோர் உத்தரவாதச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு, தனியாரிடம் வாங்கினால் இல்லை. ஏ.பி.எஸ். பிரேக் இருக்கிறதா என்றும் கேளுங்கள். புதிய வண்டிகளுக்கு அது 2020 முதல் படிப்படியாகக் கட்டாயமானது. அதற்கு முந்தையவற்றில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மழை நாட்டில் அது இல்லாத வண்டியை நான் வாங்கமாட்டேன்.

கேள்வி கேட்ட நேயருக்கு நான் சொன்னது இது. வாங்குவதற்கு முன் இரண்டு நாள் வாடகைக்கு எடுங்கள். மனைவியுடன் தேம்ஸ் வழியாகக் கோரமண்டல் போய், ஒரு ராத்திரி தங்கித் திரும்புங்கள். அந்தக் கடலோரச் சாலை வளைந்து வளைந்து போவது. அங்கே முதுகு தாங்கினால் பிளஃப் வரை தாங்கும். கடையைச் சுற்றிப் பத்து நிமிடம் ஓட்டுவது சோதனை ஆகாது. போகும் மாதம் பிப்ரவரி அல்லது மார்ச். டெசர்ட் ரோடு ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறுகிறது, குளிர்காலத்தில் பனி விழுந்தால் மூடிவிடுவார்கள். கப்பலில் வண்டியைப் பொதுவாக நாமேதான் பட்டை போட்டுக் கட்ட வேண்டும். கடல் கொந்தளித்தால் சைடு ஸ்டாண்டை மட்டும் நம்பி நிற்கும் வண்டி சாய்ந்துவிடும். நாலு பக்கமும் இழுத்துக் கட்ட வீட்டிலேயே ஒரு தடவை பழகிக்கொள்ளுங்கள். கியரில் போட்டு நிறுத்த மறக்காதீர்கள்.

அவர் இன்னும் வண்டி வாங்கவில்லை. கோரமண்டல் போய்வந்துவிட்டார்கள். மீட்டியோர் வேண்டாம், நிமிர்ந்து உட்காரும் வண்டிதான் வேண்டும் என்று முடிவு செய்தது அவருடைய மனைவியாம்.

அடுத்த மாதம் வழக்கம்போல மார்ச் 31 கணக்கு முடிப்பைப் பற்றிப் பேசுவேன்.